எட்டாவது திரை

திங்கட்கிழமையிலிருந்து ஒரு மேசைக்கு எட்டு விமானம் என்று பத்ரி அறையில் நின்று சொன்னார். பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஒரு காலத்தில் விமானம் ஓட்டியவர்கள். இப்போது மீனம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் உட்கார்ந்து விமானங்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள்.

ஜெசிந்தாதான் முதலில் பேசினாள். "ஆறே எங்களால முடியல சார்."

"நாலு வந்தப்பவும் இதைத்தான் சொன்னீங்க," என்றார் பத்ரி. குரலில் கோபம் இல்லை. தாரகை ஏர் நிறுவனத்தின் இயக்கப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்காதவரைப் போல இருந்தார். "மேக்னா கம்பெனியில எட்டு பார்க்கிறாங்க. மதுரைக்கு நம்மளைவிட நானூறு ரூபாய் குறைச்சு டிக்கெட் விக்கிறாங்க. எங்கேருந்து விக்கிறாங்கன்னு நினைக்கிறீங்க? எரிபொருள் எல்லாருக்கும் ஒரே விலைதான். ஆள் செலவுலதான் குறைக்கிறாங்க. நாம ஆறுலயே நின்னா அடுத்த வருஷம் இந்தக் கட்டடத்துக்கு வாடகை கொடுக்க நான் இருக்க மாட்டேன். நீங்களும் இருக்க மாட்டீங்க."

"ரெண்டு விமானிங்க ஒரே நேரத்துல கூப்பிட்டா?" என்றாள் ஜெசிந்தா.

"சாரதி பார்த்துக்கும்."

அதோடு கூட்டம் முடிந்தது.

ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. ஒன்பது வருடம் துணை விமானியாகப் பறந்தவள். ஒரு விமானத்துக்கு இரண்டு விமானிகள் எதற்கு என்ற கேள்வியை முதலில் கேட்டது மேக்னாதான். வலதுபக்க இருக்கையைக் காலி செய்துவிட்டு, துணை விமானியைத் தரையில் உட்கார வைத்தார்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர். கீழே இருப்பவருக்குத் தரைத்துணை என்று பெயர். மேலே இருப்பவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் கீழே இருப்பவர் ஓட்டி இறக்கிவிடலாம். அரசாங்கமும் சோதித்துப் பார்த்து அனுமதி கொடுத்தது. மேசைக்கு எத்தனை விமானம் என்பதை மட்டும் நிறுவனங்களின் பொறுப்பில் விட்டுவிட்டது. முதலில் ஒரு தரைத்துணைக்கு ஒரு விமானம் என்றுதான் இருந்தது. அப்புறம் இரண்டு. அப்புறம் நான்கு. அப்புறம் ஆறு. ஒவ்வொரு முறையும் பத்ரி இதே அறையில் நின்று மேக்னாவின் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

சாரதி என்பது மேசையில் அவர்களோடு வேலை செய்த கணினி நிரல். எந்த விமானத்துக்கு இப்போது ஆள் தேவை என்று அது கணித்துச் சொல்லும். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு திரை. அது பச்சை என்றால் கவலை இல்லை. மஞ்சள் என்றால் பேசிப் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதற்குப் போக வேண்டும். ஒரு விமானி காத்திருக்க வேண்டி வந்தால், "ஒரு நிமிஷம் கேப்டன், இதோ வந்துடறேன்" என்று தரைத்துணையின் குரலிலேயே சாரதி சொல்லும். அதற்காகப் பயிற்சியின்போது எல்லோரையும் இரண்டாயிரம் வாக்கியம் படிக்க வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். ஜெசிந்தாவும் படித்திருந்தாள், கையெழுத்தும் போட்டிருந்தாள்.

எட்டு வந்த பிறகு அவளுக்கு உடம்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் குக்கர் விசில் அடிக்கும்போதே வாசல் மணியும் அடித்தால், இரண்டுக்கும் போகாமல் நடுக்கூடத்தில் நின்றுவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதிரியார் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் கண் பலிபீடத்திலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து பாடகர் குழுவுக்கும் தாவிக்கொண்டே இருக்கும். "எதைத் தேடுறே?" என்று கணவன் கேட்டான். எதையும் தேடவில்லை என்றாள். உண்மையும் அதுதான். ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் மற்ற ஏழு இடத்தில் ஏதோ நடக்கிறது என்று தோன்றியது. அந்த எண்ணம் போகவே இல்லை.

எட்டாவது திரையில் பெரும்பாலும் அந்தமான் விமானம் வரும். அதில் ஒரு நிம்மதி இருந்தது. அதை ஓட்டுவது இஸ்மாயில். கீழக்கரைக்காரர், ஐம்பத்து நான்கு வயது. வலதுபக்க இருக்கை இருந்த காலத்தில் நான்கு வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பறந்திருக்கிறாள். அதிகம் பேசாத மனிதர். "ஜெசி, இருக்கியா?" என்று ஒரு தடவை கேட்பார். "இருக்கேன் கேப்டன்" என்றால் போதும், அந்தமானில் இறங்கும்வரை தொந்தரவு செய்ய மாட்டார்.

நவம்பர் மாதம் ஒரு புதன்கிழமை. காலை பத்து மணி. வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு. நேற்று வந்திருக்க வேண்டியது, இன்று வந்திருந்தது. மதுரையில் மழை கொட்டியதில் ஓடுபாதை தெரியவில்லை. மதுரைக்குப் போன விமானம் இரண்டு முறை இறங்கப் பார்த்துவிட்டு மேலே ஏறியது. அதை ஓட்டியவன் விமானியாகி ஆறு மாதம்கூட ஆகாதவன். அவன் குரல் நடுங்குவது ஜெசிந்தாவுக்குக் கேட்டது. திருச்சிக்குத் திருப்பினாள். திருச்சியும் மூடிவிட்டதாகத் தகவல் வந்தது. எரிபொருளோ குறைந்துகொண்டே இருந்தது. அந்தத் திரை சிவப்பாகிவிட்டது.

"என்கூடவே இருங்க மேடம்," என்றான் அவன்.

"இருக்கேன். கோயம்புத்தூருக்குத் திரும்பு. உயரத்தை விடாதே."

உள்ளே நூற்று எழுபத்தெட்டு பேர். அவர்களை இறக்கும்வரை அவள் வேறு எந்தத் திரையையும் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. சக்கரங்கள் கோயம்புத்தூர் ஓடுபாதையைத் தொட்டபோது அவள் கால் மரத்துப்போயிருந்தது.

மூச்சு விடுவதற்குள் எட்டாவது திரை சிவப்பானது. நாற்பது விநாடியாக விமானியிடமிருந்து சத்தம் இல்லை என்று கீழே எழுத்து ஓடியது.

"கேப்டன். கேப்டன், கேக்குதா?"

பதில் இல்லை. விமானி அறைக் காமிராவைத் திறந்தாள். இஸ்மாயில் இருக்கையில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். கண் பாதி மூடியிருந்தது.

பணிப்பெண்களுக்குத் தகவல் சொல்லி, கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். அந்தமான் ஓடுபாதைக்கு ஒரு பக்கம் மலை. ஒரே திசையிலிருந்துதான் இறங்க முடியும். தூரம் அதிகம் இல்லை. தன்னால் நேரத்துக்குள் விமானத்தைச் சரியான பாதைக்குக் கொண்டுவர முடியாது என்றுதான் நினைத்தாள். ஆனால் எல்லாம் தயாராக இருந்தது. வேகம் குறைக்கப்பட்டிருந்தது. மூக்கு ஓடுபாதைக்கு நேராக இருந்தது. உயரம் நூலளவுகூடப் பிசகவில்லை. அவள் செய்ய வேண்டியிருந்தது கடைசி ஏழு நிமிடம்தான். செய்தாள்.

நூற்று அறுபத்திரண்டு பேரும் நடந்து இறங்கினார்கள். இஸ்மாயில் ஆம்புலன்ஸிலேயே இறந்துபோனார். இதயம் என்றார்கள்.

பத்ரி மேசைக்கு ஓடிவந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் நிறைந்திருந்தது. நடிப்பில்லை, அது அவளுக்குத் தெரியும். "ஒரு மேசையில ரெண்டு விமானத்தைக் காப்பாத்தியிருக்கீங்க," என்றார். "சாரதி அந்தமான் விமானத்தைத் தயார் பண்ணி வெச்சிருந்ததைப் பார்த்தீங்களா?"

அவள் தலையாட்டினாள். அப்போதுதான் பணிப்பதிவைப் பார்த்தாள். அந்தமான் விமானத்துக்கு எதிரே எழுதியிருந்தது: விமானியுடன் பேச்சு, பதினொரு நிமிடம் இருபது விநாடி. பேசியவர், ஜெசிந்தா.

அடுத்த வாரமே சென்னை முழுவதும் விளம்பரப் பலகைகள் வந்தன. விமானி மயங்கினாலும் தாரகை மயங்காது. டிக்கெட் விற்பனை ஏறியது. மேக்னா ஒன்பதுக்குப் போகப்போகிறது என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

இஸ்மாயிலின் மனைவி ஜுனைதா பல்லாவரத்தில் இருந்தாள். ஜெசிந்தா போனபோது அவள் இத்தாவில், கணவனை இழந்தவர்கள் நான்கு மாதத்துக்குமேல் வீட்டோடு இருக்கும் துக்கக் காலத்தில், இருந்தாள். வெளியே போகாமல், வெள்ளைச் சேலையில், உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"தனியாப் போகலையே. அதுதான் எனக்கு ஆறுதல். கடைசிவரைக்கும் உங்ககூடப் பேசிட்டே இருந்தாராமே. உங்க ஆபீஸ்ல வந்து சொன்னாங்க. பதினொரு நிமிஷம்."



"என்ன சொன்னார்?" என்று ஜுனைதா கேட்டாள். "எதுவா இருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்க. எனக்கு ஏதாவது சொன்னாரா?"

"நான்… ஞாபகப்படுத்திச் சொல்றேங்க்கா. அன்னைக்கு ஒரே பதற்றம்."

தெருவுக்கு வந்த பிறகுதான் தான் சொன்னது பொய் என்பது அவளுக்கு உறைத்தது. வீட்டுக்குப் போகாமல் நேராக அலுவலகம் போனாள்.

"அந்தப் பதிவை எனக்குக் கொடுங்க சார்."

பத்ரி கதவைச் சாத்தினார். "உக்காருங்க ஜெசிந்தா. எட்டு வந்தப்ப சாரதிக்குக் கொஞ்சம் கூடுதலாப் பேசக் கத்துக்கொடுத்தோம். ஒரு நிமிஷம் காத்திருங்கன்னு சொன்னா விமானிங்க பதட்டப்படறாங்க. காத்திருக்கிறோம்னே தெரியாமப் பார்த்துக்கிட்டா பதட்டம் இல்லை. அவ்வளவுதான்."

"என் குரல்ல பேசியிருக்கு."

"நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்த குரல்."

"அவருக்கு நெஞ்சு வலிச்சிருக்கு சார். ஏன் சிவப்பு வரலை?"

"பேசிட்டிருக்கிற விமானி நல்லா இருக்கார்னு சாரதி கணக்கு. அவர் பேசிட்டே இருந்தார்."

அது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தது, அதனால் அவர் பேசிக்கொண்டே இருந்தார். அவர் பேசிக்கொண்டே இருந்ததால் அது அவளைக் கூப்பிடவில்லை. ஜெசிந்தா இதை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

"பதிவைத் தர்றதுல எனக்கு ஆட்சேபம் இல்லை," என்றார் பத்ரி. "அவங்க வீட்டுக்கே அனுப்பலாம். அரசாங்க விசாரணைக் குழுவுக்கும் போகணும். பதிவுல இருக்கிற பேச்சு உங்க பேச்சுதான்னு நீங்க ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டா போதும். இல்லைன்னா அது நிறுவனத்தோட நிரல் ரகசியம். வெளியில விட மாட்டாங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் இது பிடிக்கலை. ஆனா மேக்னாகாரன் எட்டு பார்த்துட்டு நிம்மதியா இருக்கான். நான் மட்டும் என்ன செய்யட்டும்?"

தாளை வாங்கிக்கொண்டு வந்தாள். இரண்டு நாள் அது கைப்பையில் கிடந்தது. கையெழுத்துப் போட்டால் ஜுனைதாவுக்குக் கணவனின் கடைசிப் பேச்சு கிடைக்கும். அந்தக் குரல் இஸ்மாயிலுக்கு என்னென்ன யோசனை சொல்லியதோ அத்தனையும் ஜெசிந்தா சொன்னதாகிவிடும். எட்டு விமானத்தை ஒருத்தி பார்த்துக்கொள்ள முடியும் என்பதற்கும் அவளே அத்தாட்சியாகிவிடுவாள்.

மேக்னாவில் அவளுக்குத் தெரிந்தவன் ஒருவன் இருந்தான். பாண்டித்துரை. பறக்கக் கற்றுக்கொண்ட காலத்தில் ஒரே வகுப்பு. அவனும் இப்போது தரைத்துணைதான். போட்டி நிறுவனத்து ஆட்களோடு பேசக்கூடாது என்று இரண்டு இடத்திலும் விதி இருந்ததால் மூன்று வருடமாகப் பேச்சில்லை. குரோம்பேட்டையில் ஒரு டிபன் கடையில் மத்தியானம் சந்தித்தார்கள்.

"துரை, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு," என்றாள். "நீங்க எப்படி எட்டு பார்க்கிறீங்க? உங்க நிரல் என்ன செய்யுது?"

அவன் காப்பியை ஆற்றுவதை நிறுத்தினான். "எட்டா? யார் சொன்னது?"

"ஒரு வருஷமா எட்டு பார்க்கிறீங்கன்னு எங்க ஆபீஸ்ல…"

"நாங்க நாலு பார்க்கிறோம் ஜெசி."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

"உங்களுக்கு எட்டுன்னுதான் எங்ககிட்ட சொன்னாங்க," என்றான் அவன். "ரெண்டு வருஷமா சொல்றாங்க. தாரகை எட்டு பார்க்குது, நீங்க நாலுக்கே முனகுறீங்கன்னு. நாங்க யூனியன் மாதிரி ஒண்ணாச் சேர்ந்து முடியாதுன்னு நின்னோம். அதனால நாலுலயே நிக்குது. இப்ப உங்க விளம்பரத்தைக் காட்டி, பார்த்தீங்களா, விமானி செத்தும் இறக்கிட்டாங்கன்னு ஜனவரியிலேருந்து ஒன்பதுங்கிறாங்க."

"அப்ப டிக்கெட் எப்படிக் குறைச்சு விக்கிறீங்க?"

"நஷ்டத்துக்கு விக்கிறோம். உங்க மதுரை ரூட்டைக் காலி பண்ணணும்னு."

காப்பி ஆறிப்போயிற்று. இரண்டு பேரும் குடிக்கவில்லை. பத்ரிக்கு இது தெரியுமா என்று அவள் யோசித்துப் பார்த்தாள். தெரியாது என்றுதான் தோன்றியது. மேலே யாரோ அவரிடம் சொல்லியிருப்பார்கள். அவர் பயந்திருப்பார். பயந்தவர் வந்து இவர்களைப் பயமுறுத்தியிருப்பார். அங்கேயும் அப்படித்தான் நடந்திருக்கும்.

அன்று சாயங்காலமே பல்லாவரம் போனாள். ஜுனைதாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அவர்கூடப் பேசினது நான் இல்லை."

எல்லாவற்றையும் சொன்னாள். மதுரை விமானம், சிவப்புத் திரை, குரல் பதிவு, கையெழுத்துக் கேட்கும் தாள் எல்லாவற்றையும். முடிந்ததும் ஜுனைதா தன் கையை ஜெசிந்தாவின் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"அப்ப அவர் தனியாத்தான் போனார்."

"ஆமாக்கா."

"கையெழுத்துப் போடாதீங்க," என்றாள் ஜுனைதா. "அந்தப் பதிவைக் கேக்கிற உரிமை எனக்கு இருக்கில்ல? நான் கேக்கிறேன். எழுதிக் கொண்டு வாங்க, என்ன எழுதணுமோ. நான் போடறேன் கையெழுத்து."

ஜெசிந்தா வேலையை இழந்தாள். ரகசியத்தை வெளியிட்டதாக நிறுவனம் நோட்டீஸ் அனுப்பியது. வீட்டில் மாதத் தவணைகளைப் பற்றிக் கணவன் எதுவும் கேட்கவில்லை. அவன் கேட்காததே அவளுக்குப் பாரமாக இருந்தது. அலுவலகத்திலிருந்த பழைய நண்பர்கள் போன் எடுப்பதை நிறுத்தினார்கள். ஜுனைதாவின் மனுமேல் விசாரணைக்குத் தேதி குறிக்க ஐந்து மாதம் ஆயிற்று. அதற்குள் ஜுனைதாவின் இத்தா முடிந்திருந்தது.

விசாரணைக் குழுவின் தலைவி வயதான பெண்மணி. முதலில் பாண்டித்துரையைக் கேட்டார். அவன் அந்த நவம்பர் வரையிலான தன் ஒரு வருடப் பணிப்பட்டியலை மேசையில் வைத்தான். நான்கு, நான்கு, நான்கு. ஜெசிந்தாவும் தன்னுடையதை வைத்தாள். தலைவி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு இரண்டு நிறுவனத்து வக்கீல்களையும் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப, எட்டுங்கிற எண் முதல்ல யார்கிட்டேருந்து வந்தது?" என்று கேட்டார். பின்வரிசையில் பத்ரி தலை குனிந்திருந்தார்.

பிறகு பதிவை ஓடவிட்டார்கள்.

"ஜெசி, இருக்கியா?" இஸ்மாயிலின் குரல் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.

"இருக்கேன் கேப்டன்." அச்சு அசல் ஜெசிந்தா.

"இடது கை ஒரு மாதிரி கனக்குது. நெஞ்சும் சரியில்லை. நீ எடுத்துக்கிறியா?"

"பார்த்துட்டிருக்கேன் கேப்டன். தண்ணி குடிங்க. எல்லாம் சரியா இருக்கு."

"எடுத்துக்கோம்மா."

"பார்த்துட்டிருக்கேன் கேப்டன்."

இப்படியே நான்கு நிமிடம் போனது. இவர் கேட்கிறார், அது இதமாகப் பதில் சொல்கிறது. பிறகு கொஞ்ச நேரம் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

"இது ஜெசி இல்லை," என்றார் இஸ்மாயில்.

"நான்தான் கேப்டன்."

"இல்லை. அவளா இருந்தா இந்நேரம் எடுத்திருப்பா." இருமல். சுவிட்சுகள் ஒவ்வொன்றாக அழுத்தப்படும் சத்தம். "சரி. நீ யாரா இருந்தாலும் கேட்டுக்கோ. அவ வேற எங்கேயோ மாட்டிட்டிருக்கா. வந்துடுவா. வேகத்தைக் குறைச்சுட்டேன். ஓடுபாதைக்கு நேராத் திருப்பியாச்சு. உயரம் போட்டுட்டேன். அவளுக்குக் கடைசி ஏழு நிமிஷம்தான் வேலை. பயப்பட வேண்டாம்னு சொல்லு. அவகிட்ட சொல்லிடுவியா?"

"கண்டிப்பா சொல்லிடறேன் கேப்டன்."

அதற்குப் பிறகு மூன்று நிமிடம் அந்தக் குரல் மட்டும் அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் ஓரிரு முறை ம் என்றார். அப்புறம் அதுவும் இல்லை.

சாரதி தயார் செய்து வைத்ததாகச் சொல்லப்பட்ட விமானத்தை யார் தயார் செய்தார் என்று இனி யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மறு உத்தரவு வரும்வரை மேசைக்கு இரண்டு விமானத்துக்குமேல் கூடாது, மனிதக் குரலில் நிரல் பேசக்கூடாது என்று அன்று மத்தியானமே இடைக்கால ஆணை வந்தது. பாண்டித்துரை அவள் கையைக் குலுக்கிவிட்டு, வேலை இருக்கிறதா என்று பார்க்கப் போகிறேன் என்று கிளம்பினான்.

வெளியே வெயில். ஜுனைதா ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தாள். ஜெசிந்தா பக்கத்தில் போய் நின்றாள்.

"அன்னைக்கு உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன், ஞாபகம் இருக்கா?" என்றாள் ஜுனைதா. "எனக்கு ஏதாவது சொன்னாரான்னு."

"இருக்குக்கா."

"ஒண்ணுமே சொல்லலை." முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "இருபத்தெட்டு வருஷம். புள்ளைங்க பேரைக்கூட எடுக்கலை. உங்களுக்கும் விமானத்துக்கும்தான் சொல்லியிருக்கார்."



ஆட்டோ வந்து நின்றது. ஜுனைதா ஏறி உட்கார்ந்தாள். டிரைவர் மீட்டரைப் போடப் போனவர், அவள் இன்னும் நகர்ந்து இடம் விடுவதைப் பார்த்துக் காத்திருந்தார்.

"ஏறுங்க," என்றாள் ஜுனைதா. "நாலு வருஷம் அவர் பக்கத்துல உக்காந்திருந்தீங்களே. விமானத்துல பறக்கும்போது அவர் எப்படி இருப்பார்னு எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லுங்க."